வசவு மட்டும் தெரிந்த பிள்ளைகள்

ஜெராக்ஸ் அக்காவுக்குத் தன் தாய்மொழியில் திட்ட மட்டும்தான் தெரியும். தண்ணீர் கேட்கத் தெரியாது, பசிக்கிறது என்று சொல்லத் தெரியாது, ஒன்று இரண்டு எண்ணக்கூடத் தெரியாது. ஆனால் எதிரில் நிற்பவன் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டுமா, அதற்குப் பஞ்சமே இல்லை. தட்லாகி, பிஞ்சோரா, மொசுக்கே என்று அடுக்கிக்கொண்டே போவாள். எதற்கும் அர்த்தம் தெரியாது. அர்த்தம் தெரிந்துதான் திட்ட வேண்டும் என்று சட்டமா என்ன?

குற்றம் அவளுடையதல்ல. அவளைப் பெற்றவர்கள் மலைமேல் ஆறு திரும்புகிற ஒரு மடக்கில் பிறந்தவர்கள். கல் உடைக்கும் கம்பெனி வந்து மலையை எடுத்துக்கொண்டது. அங்கிருந்த குடும்பங்கள் ஆளுக்கொரு திசையாகச் சிதறின. அப்போதுதான் கல்யாணமான இவர்கள் இருவரும் இந்த ஊருக்கு வந்து, ரயில் பாதைக்குப் பின்னால் ஓர் அறையும் சமையலறையுமாக வீடு பிடித்தார்கள். அப்பாவுக்குக் கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. அம்மாவுக்குச் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கும் வேலை. நாள் முழுக்கக் காலர், காலர், காலர்தான். சட்டைக்குக் கை உண்டு, பை உண்டு என்பதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்ததோ என்னவோ. தெருவில் அவளுக்குக் காலரம்மா என்றே பெயர் விழுந்துவிட்டது.

மகள் பள்ளிக்கூடம் போன முதல் வருஷமே டீச்சர் காலரம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினாள். "வீட்ல என்னமோ கடமுடான்னு பேசறீங்களாமே? அதை விட்டுடுங்கம்மா. இவ வாயைத் திறந்தா க்ளாஸே சிரிக்குது. பொண்ணு உருப்படணுமா வேணாமா?" டீச்சர் கெட்டவள் இல்லை. நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவள் சொல்லியிருந்தால் காலரம்மா காதிலேயே போட்டுக்கொண்டிருக்க மாட்டாள்.

அன்றைக்கே புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டார்கள். பிள்ளைகளிடம் இனி ஊர்ப்பேச்சுதான். தங்களுக்குள் மட்டும், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு, தங்கள் பேச்சு. நாளாக ஆக அதுவும் குறைந்தது. கடைக்கணக்கு, வீட்டு வாடகை, பிள்ளைகளின் காய்ச்சல் எல்லாமே ஊர்ப்பேச்சுக்கு மாறிவிட்டன. ஆனால் கோபம் மட்டும் கடைசிவரை மாறவில்லை. சண்டை என்று வந்துவிட்டால் இருவரும் வரிந்துகட்டிக்கொண்டு மலைப்பேச்சில் இறங்கிவிடுவார்கள். அக்காவும் தம்பியும் கட்டிலுக்கடியில் ஒண்டிக்கொண்டு காதைத் தீட்டிக்கொள்வார்கள். ஆக, அந்தப் பிள்ளைகளுக்குச் சொத்தாக வந்து சேர்ந்தது வசவு மட்டும்தான்.

அந்த வசவுகளுக்கெல்லாம் தலை 'குர்தெலோ'. அப்பா அதைச் சண்டையின் கடைசியில்தான் சொல்வார். கத்த மாட்டார். வாசற்படியில் தலையைக் குனிந்து நின்றுகொண்டு, அடிக்குரலில் ஒரே ஒரு தடவை, "குர்தெலோ." அவ்வளவுதான். அம்மா விருட்டென்று சமையலறைக்குள் போய்விடுவாள். உள்ளே என்னவோ முணுமுணுப்பாள், பாத்திரம் உருளும், பிறகு வீடே கப்சிப். பிள்ளைகள் யோசித்தார்கள். கத்திச் சொல்கிற வார்த்தைக்கெல்லாம் அம்மா பதிலுக்குப் பதில் கத்துகிறாள். மெதுவாகச் சொல்கிற இந்த ஒரு வார்த்தைக்கு முகத்தை மறைத்துக்கொண்டு ஓடுகிறாள். அப்படியென்றால் இது எவ்வளவு அசிங்கமான வார்த்தையாக இருக்க வேண்டும்!

அதை அவர்கள் மிகப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். மற்ற வசவுகளை நித்தமும் எடுத்து வீசுவார்கள். குர்தெலோவை மட்டும் பெரிய சண்டைக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். ஒருமுறை பென்சிலுக்காகத் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு உருண்டபோது, அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தம்பியைப் பார்த்து, "குர்தெலோ!" என்றாள். நிமிர்ந்தால் அம்மா கரண்டியும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். இன்றைக்கு முதுகுத்தோல் உரிந்தது என்று நினைத்தாள் அக்கா. அம்மா அடிக்கவில்லை. தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு, எதற்கோ காத்துக்கொண்டு நின்றாள். தம்பி பதிலுக்கு அக்காவின் மண்டையில் ஒரு குட்டு வைத்தான். அம்மா உள்ளே போய்விட்டாள்.

வருஷங்கள் ஓடின. அக்கா அரசாங்க அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை போட்டாள். தம்பி கப்பல் பழுது பார்க்கும் வேலைக்குத் துறைமுக நகரத்துக்குப் போனான். ஒரு தடவை கல்லூரியிலிருந்து ஒரு பெண் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து, "உங்க மொழியைப் பேசறவங்க இப்ப ரொம்பக் கம்மிம்மா, கொஞ்சம் பேசிக் காட்டறீங்களா?" என்று கெஞ்சினாள். காலரம்மா முகத்தில் ஈயாடவில்லை. "எங்களுக்கு அப்படி ஒரு மொழியும் கிடையாதும்மா," என்று சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து வழியனுப்பிவிட்டாள். மகள் உருப்பட வேண்டும் என்று கொடுத்த வாக்கை, மகளுக்குத் தலை நரைத்த பிறகும் அவள் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

அப்பா இறந்த கையோடு, அம்மா யாரோடு இருப்பது என்று அக்காவுக்கும் தம்பிக்கும் போனில் வாய்த்தகராறு முற்றியது. 'என் வீட்டுக்கு வரட்டும்' என்றான் தம்பி. 'உன் வீட்ல அவளை யாரு பார்க்கறது, நீயா? உன் பொண்டாட்டியா?' என்றாள் அக்கா. பேச்சு தடித்தது. கடைசியில் தம்பி, சின்ன வயதிலிருந்து பத்திரப்படுத்தி வைத்திருந்ததை எடுத்தான். "குர்தெலோ," என்று காறித் துப்புகிற மாதிரி சொல்லிவிட்டு போனை வைத்தான். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அம்மா அதே ஓர் அறை வீட்டில் அக்காவோடு தங்கிவிட்டாள்.

சில வருஷம் கழித்து ஒருநாள் காலையில் காலரம்மாவுக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கால் இழுத்தது, கைக்கு அவ்வளவாகக் குறையில்லை. பேச்சும் வந்தது. ஆனால் வந்த பேச்சு ஊர்ப்பேச்சு இல்லை. நாற்பது வருஷம் கடையிலும் தொழிற்சாலையிலும் புழங்கிய ஊர்ப்பேச்சு துடைத்துவிட்ட மாதிரி போய்விட்டது. கதவைச் சாத்திக்கொண்டு பேசிய பேச்சு மட்டும் மிஞ்சியிருந்தது. "இப்படியும் சிலருக்கு ஆகறதுண்டு. வீட்ல அந்த மொழியிலேயே பேசுங்க," என்றார் டாக்டர், மாத்திரை எழுதிக்கொடுக்கிற மாதிரி. பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் படம் போட்ட அட்டைகளைக் காட்டி, காலரம்மா சொன்னதையெல்லாம் கேட்டு, 'அர்த்தமற்ற ஒலிகள்' என்று எழுதிவிட்டுப் போனாள். அக்கா அதை மறுக்கவில்லை. அவளுக்கும் அது ஒலியாகத்தானே இருந்தது.

கடையைச் சாத்த முடியாது. அம்மாவைக் கூடவே கூட்டிப்போய் மிஷினுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தாள். காலரம்மாவின் கை சும்மா இருக்காது. மை திட்டுத்திட்டாக விழுந்து வீணான தாள்களை எடுத்து, ஓரத்தை மடித்து, நகத்தால் தேய்த்து, காலராகச் செய்து அடுக்குவாள். சாயங்காலத்துக்குள் காகிதக் காலர்கள் ஒரு குவியல் சேர்ந்துவிடும். அவள் பேசுவாள், நிறையப் பேசுவாள். ஏதோ கேட்பாள், ஏதோ கதை சொல்வாள், தானே நிறுத்தி மகளின் முகத்தைப் பார்ப்பாள். மகள் தலையாட்டி வைப்பாள். எதற்கு ஆமாம் சொல்கிறோம், எதற்கு இல்லை சொல்கிறோம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? சொந்த அம்மாவோடு ஒரு வார்த்தை பேச வழியில்லாமல் அவள் தவித்த தவிப்பு சொல்லி முடியாது.

ஒருநாள் எரிச்சல் தலைக்கேறி, தெரிந்ததையெல்லாம் கொட்டினாள். "தட்லாகி! பிஞ்சோரா! மொசுக்கே!" காலரம்மா ஒரு கணம் திகைத்தாள். பிறகு கோணின வாயோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, அவளும் பதிலுக்கு நாலு திட்டினாள். அன்றைக்கு அம்மாவும் மகளும் கடைக்குள் உட்கார்ந்து மாறி மாறித் திட்டிக்கொண்டார்கள். பக்கவாதம் வந்த பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

ஆனால் அதற்குப் பிறகு காலரம்மா 'குர்தெலோ'வைப் பிடித்துக்கொண்டாள். மகள் முகம் கழுவிவிடும்போது, "குர்தெலோ." கைத்தாங்கலாகத் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கும்போது, "குர்தெலோ." சொல்லிவிட்டு மகளின் வாயையே பார்ப்பாள். அக்காவுக்கு மனசு ஆறவே இல்லை. மற்ற வசவுகள் சிரிக்கிற வசவுகள். இது அப்படியில்லை. மலம் அள்ளுகிறேன், சோறு ஊட்டுகிறேன், என்னைப் பார்த்து இந்த வார்த்தையா? உள்ளே இத்தனை வருஷமாக என்னை இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாயா?

பள்ளிகளில் சேர்க்கை நடக்கிற சமயம் வந்தது. கடை வாசலில் சான்றிதழும் கையுமாக ஒரே கூட்டம். "அக்கா, முன்னாடி பின்னாடி ஒரே பக்கத்துல வரணும்." "அக்கா, எனக்கு லேமினேஷன் மட்டும்." மிஷினில் தாள் சிக்கிக்கொண்டது. மூடியைத் திறந்து, விரல் சுட, கிழிந்த தாளை அவள் இழுத்துக்கொண்டிருக்கும்போது, காலரம்மா அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "குர்தெலோ... குர்தெலோ..." என்று ஓயாமல் ஆரம்பித்தாள். 

"அம்மா என்னமோ கேக்கறாங்க பாருங்க," என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

"வாயை மூடு!" என்று கத்தினாள் அக்கா. "பெத்த பொண்ணைப் பார்த்துச் சொல்ற வார்த்தையா இது?"

கூட்டம் அடங்கிவிட்டது. காலரம்மாவுக்கு வார்த்தை புரிந்திருக்காது, குரல் புரிந்தது. முந்தானையை விட்டுவிட்டு, மடியிலிருந்த காகிதக் காலரை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து அக்கா அம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போகவில்லை. சாப்பாட்டையும் தண்ணீரையும் கைக்கெட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டு, வெளியே பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள். பக்கத்து வீட்டம்மா அவ்வப்போது எட்டிப் பார்ப்பதாகச் சொன்னாள்; சொன்னபடி பார்க்கவும் செய்தாள். ஆனால் ஒருநாள் அவள் பார்த்துவிட்டுப் போன பிறகு காலரம்மா எழுந்திருக்கப் பார்த்திருக்கிறாள். சாயங்காலம் அக்கா கதவைத் திறந்தபோது, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தலை மடங்கிக் கிடந்தாள். எவ்வளவு நேரம் கிடந்தாளோ தெரியாது. கூப்பிட்டாளா, என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்பதும் தெரியாது. கூப்பிட்டிருந்தாலும் வெளியே போகிறவர்களுக்கு அது அர்த்தமற்ற ஒலிதான்.

ஆஸ்பத்திரியின் பொது வார்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. தலைக்குள் ரத்தம் கசிகிறது, வயதுக்கு அறுவை தாங்காது என்றார்கள். கண் திறந்தாள், ஆளைப் பார்த்தாள், குரல் மட்டும் வரவில்லை. சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றாள் நர்ஸ். தம்பியை விட்டால் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு சித்திதான் இருந்தாள். அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை. சின்ன வயதிலேயே எங்கேயோ ஒரு பெரிய வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளப் போனவள். அந்தக் குழந்தைக்குப் பிறந்த குழந்தைகளையும் இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். மலை, ஆறு, பேச்சு என்று யாராவது ஆரம்பித்தாலே, 'விடுங்க, தொல்லை விட்டுதுன்னு வந்தவ நான்' என்று வாயை அடைத்துவிடுவாள்.

அக்கா வராந்தாவுக்கு வந்து போன் போட்டாள்.

"பேசறாளா?" என்றாள் சித்தி.

"இல்ல சித்தி. பேச்சு நின்னு போச்சு. பேசின வரைக்கும் என்னைத் திட்டிக்கிட்டேதான் இருந்தா."

"திட்டினாளா? அவளா? என்னன்னு?"

"வாயால சொல்ற வார்த்தை இல்ல சித்தி."

"அடி சொல்லுடி, நான் கேக்காத கெட்ட வார்த்தையா."

அக்கா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, கையால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னாள். "குர்தெலோ."

அந்தப் பக்கம் குழந்தைகள் கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு எங்கேயோ ஒரு கதவு சாத்தப்பட்டது.

"இதைத் திட்டுன்னு உனக்கு யாருடி சொன்னது?"

"அப்பா சண்டை போட்டா கடைசில இதைத்தானே சொல்லுவாரு?"

"கடைசிலதான் சொல்லணும். அது சண்டையை முடிக்கற வார்த்தைடி, பைத்தியக்காரி." சித்தியின் குரல் மாறிவிட்டது. "அங்க மரம் தூக்கிட்டுப் போவாங்க, ரெண்டு ஆளா. முன்னால ஒருத்தர், பின்னால ஒருத்தர். தோள் விட்டுப்போச்சுன்னா தொப்புன்னு போட முடியாது, அடுத்தவன் கால் போயிடும். அப்போ குர்தெலோன்னு குரல் குடுக்கணும். என்னால முடியல, என் பக்கத்தை இறக்கறேன்னு அர்த்தம். சண்டைக்கும் அதே வார்த்தைதான். மன்னிப்பு கின்னிப்பெல்லாம் நம்ம பேச்சுல கிடையாது. நான் இறக்கறேன், நீயும் இறக்கிடு. அவ்வளவுதான்."

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அதுக்கு அந்தப் பக்கத்து ஆள் பதில் குடுக்கணும்," என்றாள் சித்தி. "பதில் வர்ற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது. எவ்வளவு வலிச்சாலும் தாங்கிட்டு நிக்கணும். நீ என்னடி பதில் சொன்ன?"

"பதில் என்ன சித்தி? சொல்லுங்க. இப்பவே போய்ச் சொல்றேன்."

"அது... இரு. சின்ன வார்த்தை. ம்... ஐயோ, நெஞ்சுக்குள்ள நிக்குது, நாக்குக்கு வர மாட்டேங்குதே. அது மரம் தூக்கறவங்க சொல்றதுடி. சின்னப் பசங்க எங்க சொன்னோம்? நான் பாவாடை கட்டற வயசுல வந்தவ." சித்தி ஏதேதோ சொல்லிப் பார்த்தாள். அதுவும் இல்லை, இதுவும் இல்லை என்று தானே தள்ளினாள். கடைசியில் அழ ஆரம்பித்துவிட்டாள். தொல்லை விட்டது என்று வந்தவள்தான், ஓவென்று அழுதாள். பிறகு சட்டென்று, "அடியே, அவகிட்டயே கேளு! நீ அவளைப் பார்த்துக் குர்தெலோன்னு சொல்லு. அவ பதில் சொல்லித்தானே ஆகணும்? போ, ஓடு!"

அக்கா ஓடினாள். கட்டிலருகே மண்டியிட்டு, அம்மாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டிய விதத்தில் சொன்னாள். "அம்மா... குர்தெலோ."

காலரம்மாவின் கண் அசைந்தது. மகளை அடையாளம் கண்டுகொண்ட பார்வை அது. பிறகு உதடுகள் ஒன்றாகச் சேர்ந்தன, திறந்தன, மறுபடி சேர்ந்தன. குரல் வரவில்லை. அக்கா காதை அந்த உதட்டின்மேல் வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லும்மா, குர்தெலோ, குர்தெலோ," என்றாள். உதடுகள் மறுபடி சேர்ந்து, திறந்து, சேர்ந்தன. காதில் மூச்சு மட்டும் பட்டது.

அம்மா பதில் சொல்லிவிட்டாள். அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் பாக்கி இருந்தது. "நானும் இறக்கிட்டேம்மா. நீ கையை எடுத்துடு. போதும்மா, இறக்கிடு," என்று ஊர்ப்பேச்சில் திரும்பத் திரும்பச் சொன்னாள் அக்கா. பக்கத்துக் கட்டில்காரி எழுந்து வந்து தோளைப் பிடித்தாள். காலரம்மா மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மத்தியானம் உயிர் போகும்போதும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை அக்காதான் மூடினாள்.

செய்தி கேட்டுத் தம்பி வந்தான். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, இருவரும் அந்த ஒற்றை அறையில் அம்மாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். அலமாரியின் கீழ்த்தட்டில் காகிதக் காலர்கள் கட்டுக்கட்டாக இருந்தன. தம்பி ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். 

"பூட்டிட்டுப் போயிருக்க," என்றான்.

"நீ ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்தியா?" என்றாள் அவள்.

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. அத்தனை வருஷத்துப் பாக்கியும் வெளியே வந்தது. அவன் மொசுக்கே என்றான், அவள் பிஞ்சோரா என்றாள். நரைத்த தலைகள் இரண்டும் பெற்றவர்களைப் போலவே மலைப்பேச்சில் கத்திக்கொண்டன. அடுத்து அவன் வாயில் எது வரும் என்று அவளுக்குத் தெரியும். வருவதற்குள் கையைக் காட்டி நிறுத்தி, சித்தி சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். மரம், தோள், கால், பதில் வரும்வரை எடுக்கக் கூடாத கை.

தம்பி கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். தான் போனில் துப்பியது எது என்று இப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. 

"அப்பா சொன்னதும் அம்மா சமையல்கட்டுக்குள்ள போய் என்னமோ சொல்லுவாளே," என்றாள் அக்கா. "உனக்கு ஞாபகம் இருக்காடா? ஒரு எழுத்தாவது?"

"பாத்திரம் உருளற சத்தம்தான்க்கா ஞாபகம் இருக்கு."

அந்தச் சில நாட்களில் அவள் கண்ணாடி முன்னால் நின்று அந்த உதட்டசைவுக்கு எத்தனையோ எழுத்தை வைத்துப் பார்த்திருந்தாள். எதை வைத்தாலும் ஊர்ப்பேச்சாகவே வந்தது. அவளுக்குத் தெரிந்து அதைச் சரி, தப்பு என்று சொல்லக்கூடிய ஒருத்தி இறந்துபோய்விட்டாள். இன்னொருத்திக்கு மறந்துபோய்விட்டது.

தம்பி எழுந்தான். வாசற்படிவரை போய், அப்பா நின்ற இடத்திலேயே நின்று, தலையைக் குனிந்துகொண்டு, அடிக்குரலில் சொன்னான். 

"குர்தெலோ."

அக்கா உதடுகளைச் சேர்த்தாள், திறந்தாள், மறுபடி சேர்த்தாள்.

"என்னக்கா சொன்ன?" 

"தெரியலடா," என்றாள்.

தம்பி படியை விட்டு நகரவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.